குட்டிகளை இழந்த பெண் ஃபெரெட்டை மறுபடி இணைசேர்க்கலாமா?

நீங்கள் எழுதியதை என் சொற்களில் ஒருமுறை திருப்பிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் லீட்ஸ் பக்கம் இருக்கிறீர்கள். ஒன்றரை வயதுப் பெண் ஃபெரெட், பார்க்கக் கீரிப்பிள்ளை போலிருக்கும் அந்த வளர்ப்புப் பிராணி, பெயர் மின்னி. இது தலையீற்று. ஏழு குட்டிகள் போட்டாள். நாலாம் நாள் காலையில் பார்த்தால் ஒன்றுகூட உயிரோடு இல்லை. இரண்டு உடல்கள் கிடைத்தன, தோட்டத்தில் புதைத்துவிட்டீர்கள். மற்ற ஐந்தும் என்ன ஆயின என்று தெரியவில்லை. இரண்டு நாளாக மின்னி கூட்டுக்குள் போவதும் வருவதுமாக இருக்கிறாள். உங்கள் காலுறை ஒன்றைக் கவ்விக்கொண்டுபோய் உள்ளே வைத்துப் படுத்துக்கொள்கிறாள். ஆண் ஃபெரெட்டை இரவல் கொடுத்தவர், "இரண்டு வாரத்தில் மறுபடி கொண்டு வாருங்கள், அதுதான் அவளுக்கு நல்லது" என்கிறார். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா, பிள்ளை பெற்ற உடம்பு என்று பால்சோறும் பூண்டும் வைக்கச் சொல்கிறார். நீங்கள் கேட்டவை மூன்று: அவள் துக்கத்தில் இருக்கிறாளா, தப்பு என்னுடையதா, மறுபடி சேர்க்கலாமா. இதில் கெடு உள்ள கேள்வி மூன்றாவதுதான். அந்தக் கெடு, அந்த ஆள் சொன்ன அதே இரண்டு வாரம்.

நான் நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்தவன். அங்கே ஆடும் மாடும் கோழியும்தான் பாடம், ஃபெரெட்டைப் பற்றி ஒரு வரிகூடப் படித்த ஞாபகம் இல்லை. இங்கிலாந்தின் வடக்கே வேலைக்கு வந்த முதல் மாதத்தில் ஒரு பெரியவர் கோட்டுப் பைக்குள்ளிருந்து ஒன்றை எடுத்து மேசைமேல் விட்டபோது, கீரிப்பிள்ளை என்றுதான் நினைத்தேன். கீரிக்கு இது உறவே இல்லை. கீரி பூனை வகையறா. ஃபெரெட் நீர்நாயின் குடும்பம். ஐரோப்பாவின் போல்கேட் என்ற காட்டு விலங்கை, முயல் வளைக்குள் விட்டு முயலை வெளியே விரட்டுவதற்காக இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மனிதர்கள் பழக்கி வளர்த்ததில் வந்தது. வளைவாயில் வலையைக் கட்டிவிட்டு ஃபெரெட்டை உள்ளே விடும் ஆட்கள் யார்க்ஷயரில் இன்றும் இருக்கிறார்கள். பெண்ணை ஜில், ஆணை ஹாப் என்பார்கள். எனக்குத் தெரிந்ததில் பாதி அவர்களிடம் கற்றது, மீதி என் மேசைமேல் செத்துப்போனவை கற்றுக்கொடுத்தது. மின்னியை நான் தொட்டுப் பார்க்கவில்லை என்பதையும் மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில் அந்த இரண்டு வாரக் கணக்கு. ஜில்லுக்கு வசந்தத்தில் பகல் நீளும்போது பருவம் வரும். இந்த ஊரில் ஏறக்குறைய மார்ச்சில் தொடங்கி ஆகஸ்ட், செப்டம்பர் வரை இழுக்கும். மாடோ நாயோ பருவத்துக்கு வந்தால் சில நாளிலோ சில வாரத்திலோ அதுவே அடங்கிவிடும். ஃபெரெட் அப்படி இல்லை. ஆணோடு சேர்ந்தால்தான் அதற்குக் கருமுட்டையே வெளிவரும். சேர்ந்த பிறகு முப்பது, நாற்பது மணி நேரத்தில். சேராவிட்டால் பருவம் முடியாது, பகல் சுருங்கும்வரை மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். அத்தனை நாளும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் உச்சத்தில் இருக்கும். அது எலும்பு மஜ்ஜையை அழுத்தி, ரத்த அணுக்கள் உருவாவதையே நிறுத்திவிடும். ஒரு மாதத்துக்கு மேல் பருவத்தில் நிற்கும் ஜில்லுக்கு இந்த ஆபத்து உண்டு. வால் அடியில் முடி கொட்டும், ஈறு வெளுக்கும், தோலுக்கடியில் சின்னச் சின்ன ரத்தப் புள்ளிகள் வரும், பின்னங்கால் தள்ளாடும். அந்த நிலையில் வருபவற்றில் பலவற்றைக் காப்பாற்ற முடிவதில்லை. ஒரே ஒரு ஆறுதல்: ஃபெரெட்டுகளில் ரத்த வகை வித்தியாசம் கண்டறியப்படவில்லை, ஆகவே ஆரோக்கியமான எந்த ஹாப்பின் ரத்தத்தையும் ஏற்றலாம். ஆனால் மஜ்ஜை திரும்ப வேலை செய்யாவிட்டால் ஏற்றிய ரத்தம் எத்தனை நாளைக்கு வரும்?

இப்போது மின்னிக்கு வருவோம். நிறையக் குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருந்தால் பருவம் தள்ளிப்போகும், பால் மறந்து இரண்டு வாரம் வாக்கில் திரும்பும். குட்டிகள் ஐந்துக்கும் குறைவு என்றால் பால் கொடுக்கும்போதே வந்துவிடுவதுண்டு. குட்டியே இல்லையென்றால்? குட்டிகள் போன நாளிலிருந்து இரண்டு வாரம், சில நாள் முன்னே பின்னே. அவருடைய இரண்டு வாரம் இங்கிருந்துதான் வருகிறது. பருவத்தில் சும்மா விட்டால் அவளுக்கு ஆபத்து என்று அவர் நினைப்பதும் உண்மைதான். ஆனால் அதிலிருந்து, ஆகவே மறுபடி சினையாக்கு என்ற முடிவு வராது. பருவத்தை நிறுத்தத்தான் வேண்டும். குட்டி போட வைத்துத்தான் நிறுத்த வேண்டும் என்பதில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் தலையீற்றை இழந்த ஜில்கள் அதே கோடையில் இன்னொரு சினையோடு என்னிடம் வருகின்றன, எலும்பும் தோலுமாக.

நிறுத்தும் வழிகளைச் சொல்வதற்கு முன், இன்று, இப்போது பார்க்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அவளை மடியில் மல்லாக்கப் போட்டு, வயிற்றில் இரண்டு சொட்டு மீன் எண்ணெய் தடவுங்கள். அவள் நக்கிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு காம்பையும் விரல் நுனியால் தொட்டுப் பாருங்கள். நகம் வெட்ட இங்கே எல்லோரும் கையாளும் தந்திரம் இது. மென்மையாக, கொஞ்சம் நிறைந்தாற்போல இருந்தால் சரி. ஏதாவது ஒரு இடம் கல்லாக, சூடாக, சிவந்து, நீலமாக, கறுத்து இருந்தால் அது மடிநோய். மாட்டு மடிநோயைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தப் பெயர் பெரிய பயத்தைக் கொடுக்காது, அதுதான் தப்பாகப் போகிறது. இங்கே வந்த இரண்டாம் வருடம் ஒரு மாலை போன் வந்தது. ஜில்லுக்கு ஒரு காம்பைச் சுற்றி ஊதா நிறமாக இருக்கிறது, ஆனால் சாப்பிடுகிறது என்றார்கள். நாளைக் காலை முதல் ஆளாகக் கொண்டு வாருங்கள் என்றேன். காலையில் அட்டைப் பெட்டியில் கொண்டு வந்தார்கள். நானூறு கிலோ மாடு ஒரு இரவைத் தாங்கும், எண்ணூறு கிராம் ஜில் தாங்காது. இன்றுவரை அந்தப் பெட்டி எனக்கு மறக்கவில்லை. ஆகவே காம்பு கறுத்திருந்தால் நள்ளிரவானாலும் கிளம்புங்கள்.

பால் நிறைந்திருக்கிறதே என்று பிதுக்கி எடுக்காதீர்கள். எடுக்க எடுக்கச் சுரக்கும். குடிக்க ஆள் இல்லையென்றால் சில நாளில் தானே வற்றிவிடும். நாய்க்குப் பால் வற்ற ஒரு நாள் தீனியைக் குறைக்கச் சொல்வார்கள், அதைப் படித்துவிட்டு இவளைப் பட்டினி போடாதீர்கள். ஃபெரெட்டின் குடல் நீளம் குறைவு, தின்றது மூன்று நாலு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். எப்போதும் தட்டில் ஏதாவது இருக்க வேண்டிய பிராணி. காய்ச்சல் மாதிரி இருக்கிறது என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலோ ஐபுப்ரோஃபெனோ ஒரு துணுக்குக்கூடக் கொடுக்கக் கூடாது. ஐபுப்ரோஃபென் இவற்றுக்குக் கொடிய விஷம்.

இன்னொன்று, பின்பக்கம். ஈன்ற பிறகு சில நாள் கொஞ்சம் கறுஞ்சிவப்பாகக் கசிவது இயல்பு. நாற்றம் அடித்தால், சீழ்போல வந்தால், அவள் சாப்பாட்டைத் தொடாமல் சுருண்டு படுத்தால், உள்ளே நஞ்சுக்கொடியோ ஒரு குட்டியோ தங்கியிருக்கலாம், கருப்பையில் தொற்று ஏறியிருக்கலாம். ஸ்கேன் எடுத்தால் சில நிமிடத்தில் தெரிந்துவிடும். உங்கள் கதையில் ஏழு குட்டிகள் என்று எண்ணியது நீங்கள். எட்டாவது ஒன்று வரவே இல்லை என்பதற்கும் இடம் இருக்கிறது. எனவே எல்லாம் நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் இந்த வாரத்துக்குள் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடச் சொல்வேன். பருவத்தை நிறுத்த ஊசி போடுவதற்கும் கருப்பை சுத்தமாக இருப்பது தெரிந்தாக வேண்டும், ஆக இரண்டு வேலையும் ஒரே பயணத்தில் முடியும்.

அம்மாவின் பத்தியத்துக்கு வருகிறேன். பூண்டு வேண்டவே வேண்டாம். நம் வீட்டில் பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறப் பூண்டு கொடுப்பது சரி, இவளுக்கு அது சிவப்பணுக்களை உடைக்கும். வெங்காயமும் அப்படித்தான். இனி ரத்தசோகைக்குப் பயப்பட வேண்டிய ஒரு ஜில்லுக்கு அதைவிட மோசமான உணவு கிடையாது. தவிர, குட்டிகள் போன பிறகு பால் ஊற வைக்க என்ன அவசியம்? பால்சோறும் வேண்டாம். வேடிக்கை என்னவென்றால், இந்த ஊர்ப் பழைய ஆட்களும் அதைத்தான் செய்தார்கள், சோற்றுக்குப் பதில் ரொட்டி. தலைமுறை தலைமுறையாகப் பாலில் ஊறிய ரொட்டியைப் போட்டு வளர்த்து, எலும்பு வளைந்த ஃபெரெட்டுகளைப் பார்த்தார்கள். இது முழு மாமிசப் பிராணி. நல்ல ஃபெரெட் உணவில் புரதம் 35 சதவீதத்துக்குக் குறையாமல், கொழுப்பு 20 சதவீதத்தை ஒட்டி இருக்கும். இல்லையென்றால் எலும்போடு முயல், ஒரு நாள் வயதுக் கோழிக்குஞ்சு. அம்மாவிடம், இவளுக்குக் கறிதான் பத்தியம் என்று சொல்லிப் பாருங்கள். தினமும் ஒரு முட்டை மஞ்சள் கருவை அவர் கையாலேயே கொடுக்கட்டும், அவருக்கும் நிம்மதி.

காலுறை விஷயம். அதைப் பிடுங்காதீர்கள். குட்டி இருக்க வேண்டிய நாளில் குட்டி இல்லாத ஜில்கள் பொம்மை, கையுறை, மூடி என்று எதையாவது கூட்டுக்குள் இழுத்துப்போய் அணைத்துக்கொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வெறும் பொய்ச்சினையில், அதாவது குட்டியே உருவாகாத நேரத்தில்கூட இதைச் செய்கின்றன. அதனால் அந்தச் செயலுக்குப் பின்னால் ஹார்மோன் இருக்கிறது என்பது உறுதி. அது துக்கமும்தானா என்று கேட்டால், ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. ஹார்மோன் என்று ஒரு பெயர் வைத்துவிட்டதால் அவளுக்கு உள்ளே ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடாது என்பது என் எண்ணம், அதை அறிவியல் என்று சொல்லி உங்களிடம் விற்க மாட்டேன். ஒரு வாரம், பத்து நாளில் தேடுவது அடங்கும். அதுவரை கூட்டைக் கலைக்காமல், ஆனால் ஈரமும் நாற்றமும் உள்ள படுக்கையை மட்டும் மாற்றிவிடுங்கள். பழகிய துணை ஃபெரெட் இருந்தால் சேர்த்து விடலாம். ஹாப் மட்டும் கூடாது.

சரி, தப்பு யாருடையது? நீங்கள் எழுதியதில் எனக்கு மிகவும் உறுத்திய வரி, இரண்டாம் நாள் அத்தை பிள்ளைகளுக்குக் காட்டக் கூட்டைத் திறந்தேன், அதனால்தான் தின்றுவிட்டாளோ என்பது. தொந்தரவு செய்தால் தாய் குட்டியைத் தின்னும் என்பது கட்டுக்கதை இல்லை. தலையீற்று ஜில், புது மனிதர்களின் வாடை, சத்தம் எல்லாம் சேர்ந்தால் நடக்கிறது. அதனால்தான் முதல் ஐந்தாறு நாள் கூட்டைத் தொடாதே என்கிறோம். ஆனால் செத்த குட்டியைத் தாய் தின்பது அதைவிட அதிகம் நடக்கிறது. ஐந்து உடல்கள் காணாமல் போனதற்கு அவள் கொன்றாள் என்று அர்த்தம் இல்லை, செத்தபின் கூட்டைச் சுத்தம் செய்திருக்கலாம். எது முதலில் நடந்தது என்பதை மண்ணுக்குள் போன இரண்டு உடல்கள் இனிச் சொல்லாது, தோண்டி எடுக்கவும் சொல்ல மாட்டேன்.

நாட்கணக்கை வைத்துக் கொஞ்சம் ஊகிக்கலாம். முதல் நாளே போயிருந்தால் குளிர், அல்லது கொடி. ஃபெரெட் மளமளவென்று ஈனும், அப்போது இரண்டு மூன்று குட்டிகளின் தொப்புள்கொடிகள் ஒன்றோடொன்றும் படுக்கை நூலோடும் முறுக்கிக்கொள்ளும். தாய் ஒன்றைத் தூக்கினால் எல்லாம் சேர்ந்து இழுபடும். நீங்கள் துண்டு விரித்திருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். சுருள் நூல் உள்ள டவல் இதற்கு ஆகாது. நகம் மாட்டும், கொடி சிக்கும். காய்ந்த புல்லோ, கிழித்த காகிதமோ, நூல் பிரியாத ஃப்ளீஸ் துணியோதான். இரண்டிலிருந்து நாலாம் நாளுக்குள் ஒவ்வொன்றாகப் போயிருந்தால், என் முதல் சந்தேகம் பால். பிறக்கும்போது குட்டி 8 முதல் 10 கிராம், பழைய கனமான ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றின் எடைதான். நன்றாகக் குடித்தால் ஒரு வாரத்தில் 30 கிராமை ஒட்டி இருக்க வேண்டும். வயிறு நிறைந்த குட்டிகள் ஒரு குவியலாகச் சத்தமில்லாமல் தூங்கும். விடாமல் கீச்சிட்டுக்கொண்டே இருந்தால் பசி, இல்லையேல் குளிர். மூன்றாம் நாள் இரவெல்லாம் கத்தின என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்கு இந்த எண்ணம்தான் வந்தது. பால் ஏன் வரவில்லை என்றால், காரணம் மடிநோயாக இருக்கலாம், சினையில் தீனி போதாமல் இருந்திருக்கலாம், நீள முடி உள்ள அங்கோரா வகையாக இருந்தால் அந்த ரத்தத்திலேயே பால் குறைவு என்பது வளர்ப்பவர்களின் பொதுவான அனுபவம். இதில் மின்னிக்கு எது என்று இங்கிருந்து சொன்னால் அது ஜோசியம்.

நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கும் ஒன்றும் உண்டு: அந்த வாரம் வீட்டில் யாருக்காவது சளிக்காய்ச்சலா? மனிதருடைய இன்ஃப்ளூயன்சா அப்படியே ஃபெரெட்டுக்கு ஒட்டும். 1933ல் லண்டனில் அந்தக் கிருமியை முதன்முதலில் நோயாளிகளின் தொண்டையிலிருந்து பிரித்தெடுத்தபோது, அதை வளர்த்துக் காட்டியதே ஃபெரெட்டுகளில்தான். பெரியவை தும்மிவிட்டு எழுந்துவிடும், பிறந்த குட்டிகள் தாங்காது. அடுத்த முறை என்று ஒன்று இருந்தால், மூக்கு ஒழுகும் பிள்ளைகளைக் கூட்டின் அருகே விடாதீர்கள். ஒரு குட்டி இறந்தால் புதைக்காமல், பையில் போட்டுக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து மறுநாளே மருத்துவரிடம் கொடுங்கள். உறைபெட்டியில் வைத்தால் திசுக்கள் சிதைந்து, பரிசோதிக்க ஒன்றும் மிஞ்சாது.

காப்பாற்றியிருக்க முடியுமா என்று மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தால், பத்து நாள் தாண்டாத ஃபெரெட் குட்டியைப் புட்டிப்பாலில் வளர்த்துக் கரைசேர்த்தவர்கள் மிகக் குறைவு. நானும் முயன்று தோற்றிருக்கிறேன். பலன் கிடைத்த வழி ஒன்றே ஒன்று, அதே சமயம் ஈன்ற இன்னொரு ஜில்லிடம் விடுவது. ஃபெரெட்டுத் தாய்கள் பிறர் குட்டியைப் பெரிய மனதோடு ஏற்கும். அனுபவமுள்ள வளர்ப்பாளர்கள் ஒரே வாரத்தில் இரண்டு ஜில்களைச் சேர்ப்பது இதற்காகத்தான். ஒரே ஒரு ஜில்லை வைத்துக்கொண்டு குட்டி எடுப்பவருக்கு அந்த மாற்றுவழி கிடையாது. இதையெல்லாம் சொல்லாமல் ஹாப்பை மட்டும் இரவல் கொடுத்த ஆள்மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.

இப்போது பருவத்தை நிறுத்தும் வழிகள். ஒன்று, இங்கே எல்லோரும் ஜில் ஜாப் என்று சொல்லும் ஊசி, ப்ரோலிஜெஸ்டோன் என்ற மருந்து. பெரும்பாலும் ஒரே ஊசி அந்தக் கோடையைத் தாண்டிவிடும், சிலவற்றுக்கு மறுபடி தேவைப்படும். அடுத்த வசந்தத்தில் பருவம் வழக்கம்போல வரும், ஆகவே முடிவைத் தள்ளிப்போட நினைப்பவருக்கு ஏற்றது. எல்லா இடத்திலும் எப்போதும் கையிருப்பில் இருக்காது, முன்கூட்டியே போன் செய்து கேளுங்கள். இரண்டாவது, தோளுக்கிடையில் தோலுக்கடியில் வைக்கும் டெஸ்லோரெலின் இம்ப்ளான்ட், அரிசியைவிடக் கொஞ்சம் பெரியது. ஒரு வருடத்துக்குக் குறையாமல், பலவற்றில் இரண்டு வருடம்கூட அடக்கி வைக்கும். வைத்த புதிதில் சில நாள் பருவம் தூண்டப்படுவதுபோலத் தெரியும், பயப்பட வேண்டாம். மருந்து தீர்ந்த பிறகு சினை பிடித்தவை உண்டு, எல்லாம் பிடிக்கும் என்று உத்தரவாதம் கிடையாது. மூன்றாவது, வாசக்டமி செய்த, அதாவது விந்துக்குழாயை வெட்டிய ஹாப். அதோடு சேர்ந்தால் கருமுட்டை வெளிவந்து பருவம் அடங்கும், பொய்ச்சினையாக ஆறு வாரம் போகும், பிறகு மறுபடி வரும். மருந்தில்லாத வழி என்று பழைய ஆட்களுக்கு இது பிடிக்கும். ஆனால் ஃபெரெட் இணைசேர்வதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, கழுத்தைக் கவ்வித் தரதரவென்று இழுத்து மணிக்கணக்கில். ஈன்று இரண்டு மூன்று வாரமே ஆன உடம்புக்கு அதை நான் சொல்ல மாட்டேன். தவிர, பத்து வீடு போய்வரும் ஹாப், அலூஷியன் நோயையும் கொண்டுவரும். அது பார்வோ வகை வைரஸ், மருந்தில்லாதது, குட்டிகள் தங்காமல் போவதற்கும் காரணமாகச் சொல்லப்படுவது. மின்னிக்கு எப்படியும் ஊசி குத்தப் போகிறார்கள், அப்போதே இதற்கும் ஒரு சொட்டு ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள்.

நாலாவது, கருப்பையையும் சினைப்பையையும் எடுத்துவிடுவது. முன்பு இதுதான் எங்கள் முதல் பதிலாக இருந்தது. இப்போது அவ்வளவு வேகமாகச் சொல்வதில்லை. சினைப்பை போனதும் மூளையிலிருந்து வரும் தூண்டுதலை அடக்க ஆள் இல்லாமல், அது சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அட்ரீனல் சுரப்பியைப் போய்த் தட்டுகிறது. சில வருடம் கழித்து முடி கொட்டி, அட்ரீனல் கட்டியோடு வருகிறார்கள். நெதர்லாந்தில் நோயுற்ற ஃபெரெட்டுகளைப் பார்த்ததில், அறுவைக்கும் நோய் கண்டதற்கும் இடையே சராசரி மூன்றரை வருடம் இருந்தது. அறுவையால் மட்டும்தான் இந்த நோய் வருகிறதா, வீட்டு விளக்கும் உணவும் பரம்பரையும் எவ்வளவு சேர்கின்றன என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. எனவே மின்னிக்கு என் தேர்வு, இந்தக் கோடைக்கு ஊசி, இனி குட்டியே வேண்டாம் என்று முடிவானால் இம்ப்ளான்ட்.

மறுபடி சேர்க்கலாமா என்பதற்கு நேரான பதில்: இந்த வருடம் வேண்டாம். உடம்பால் முடியாது என்பதால் இல்லை, ஒரே வருடத்தில் இரண்டு ஈற்று ஃபெரெட்டுக்கு இயற்கையிலேயே உண்டு. முதல் முறை ஏன் போயின என்று தெரியாமல், அதே கூடு, அதே தீனி, அதே ஹாப் என்று திரும்பச் செய்தால் அதே முடிவு வர வாய்ப்பு அதிகம் என்பதால். காரணம் குளிரோ துண்டோதான் என்று உறுதியாகத் தெரிந்தால், அடுத்த பருவத்திலேயே சேர்ப்பதில் தப்பில்லை என்று சொல்லும் நல்ல வளர்ப்பாளர்கள் இருக்கிறார்கள், அவர்களை முட்டாள்கள் என்று சொல்ல மாட்டேன். உங்களுக்குக் காரணம் தெரியவில்லை.

அடுத்த வசந்தத்துக்கு நினைத்தால், இப்போதே சில கேள்விகளுக்குப் பதில் தேடிக்கொள்ளுங்கள். ஹாப்பும் மின்னியும் உறவா? இரவல் கொடுத்தவரிடமிருந்துதான் மின்னியையும் வாங்கினீர்கள் என்றால், அண்ணன் தங்கையாகவே இருக்கலாம், கேட்டுவிடுங்கள். இரண்டில் ஒன்றுக்குத் தலை வெள்ளையோ நெற்றியில் வெள்ளைக் கோடோ உண்டா? அந்த நிறத்தோடு காது கேளாமையும் அடிக்கடி சேர்ந்து வரும், இரண்டு வெள்ளைத்தலைகளைச் சேர்க்கவே கூடாது. டிஸ்டெம்பர் தடுப்பூசி போட்டாயிற்றா? நாய்க்கு வரும் அந்த நோய் ஃபெரெட்டுக்கு வந்தால் அநேகமாக எதுவும் பிழைக்காது. மின்னி வீட்டுக்குள் இரவு பதினொரு மணிவரை விளக்கு எரியும் கூடத்தில் இருக்கிறாளா? அந்த வெளிச்சத்தை உடம்பு பகலாக எடுத்துக்கொண்டு, குளிர்காலம் முடியும் முன்பே பருவத்துக்கு வந்துவிடும். சினைக்காலம் 41, 42 நாள்தான். அதன் கடைசி வாரத்தில் ஒரு நாள் தீனி தவறினாலே, வயிறு நிறையக் குட்டிகள் உள்ள ஜில் சினை நஞ்சு என்ற, உயிருக்கே ஆபத்தான நிலைக்குப் போய்விடும். ஆபரேஷன் செய்தும் தாயையும் குட்டிகளையும் சேர்த்து இழப்பதுண்டு. 43ஆம் நாளைத் தாண்டினால் காத்திருக்கக் கூடாது. ஒன்றிரண்டு குட்டிகள் மட்டும் இருந்தால் வலியே எடுக்காமல் உள்ளேயே இறக்கும். இந்தத் தேதிகளை நாட்காட்டியில் குறித்து, அந்த வாரத்தில் லீவு போட முடியுமா?

அப்புறம் குட்டிகள். சராசரி எட்டு. எட்டு வாரம் ஆகாமல் வெளியே கொடுக்கக் கூடாது, ஆறேழு வருடம் வாழும் பிராணி. எட்டுப் பேரும் எங்கே போவார்கள் என்று சேர்ப்பதற்கு முன்பே பெயர் பெயராகத் தெரிந்திருக்க வேண்டும், திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளவும் தயாராக இருக்க வேண்டும். ஆகஸ்டில் எங்களிடம் தெருவில் கண்டெடுத்ததாகக் கொண்டுவரப்படும் ஃபெரெட்டுகள் எல்லாம் அந்த வசந்தத்தில் யாரோ ஆசைப்பட்டு எடுத்த குட்டிகள். மின்னிக்கு ஒரு துணை வேண்டும், வீட்டில் குட்டி ஓட வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை என்றால், மீட்பு இல்லத்திலிருந்து ஒன்றைக் கொண்டுவருவதை யோசியுங்கள். அதற்கும் அவள் பால் வற்றி, பருவம் அடங்கும்வரை பொறுங்கள்.

இன்றிலிருந்து தினமும் காலையில் அவள் பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், சிரிக்காதீர்கள். ஈன்ற வீக்கம் முதலில் குறைந்து ஒரு கோடுபோல ஆகும். பிறகு ஒரு நாள் மறுபடி உப்பத் தொடங்கி, ஊறவைத்த கொண்டைக்கடலையைவிடப் பெரிதாக, ஈரமாக ஆகும். அது எந்தத் தேதியில் தொடங்கியது என்பதுதான் மருத்துவர் உங்களிடம் கேட்கப்போகும் முதல் கேள்வி, பலரால் அதற்குப் பதில் சொல்ல முடிவதில்லை. போனில் படங்கள் வரிசையாக இருந்தால் உங்களால் முடியும்.